ஏழாவது ஊர்

சின்ன வயதில் நான் மண் தின்பேனாம். கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, வாயைத் திறக்கச் சொன்னால் மாட்டேன் என்று தலையாட்டுவேனாம். ‘பெரிய கிருஷ்ணர்னு நெனப்பு’ என்று அம்மா இப்போதும் வருகிற போகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

போன மாதம் ஆபீஸில் ‘உலகின் ஆபத்தான 10 ஊர்கள்’ என்று ஒரு போட்டோ ஸ்டோரி போடச் சொன்னார்கள். ஊருக்கு ஒரு படம், இரண்டு வரி. அரை மணி நேர வேலை. ஏழாவதாக வந்தது காப்வே. அன்றைய சாயங்காலமே அதில் போய்விட்டது.

ஆப்பிரிக்காவில், ஜாம்பியா நாட்டில் இருக்கிறது காப்வே. 1900-களின் தொடக்கத்திலிருந்து அங்கே ஈயச் சுரங்கம் ஓடியது. 1994-ல் மூடிவிட்டார்கள். நான் எழுதிய இரண்டு வரியும் இதுதான். பார்த்த சீனியர், “மூடி முப்பது வருஷம் ஆச்சேப்பா... அப்புறம் ஏன் லிஸ்ட்ல இருக்கு?” என்றார். திருதிருவென்று முழித்துவிட்டு சீட்டுக்குத் திரும்பினேன்.

தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது. பூட்டு சுரங்கத்துக்கு மட்டும்தான். தோண்டி, உருக்கிக் கொட்டிய கழிவு இன்னமும் திறந்தவெளியில் குன்றாகக் கிடக்கிறது. ‘கறுப்பு மலை’ என்றே அதற்கு ஊரில் பெயர். பிழைப்புக்காக அதைக் கிளறி ஈயம் பொறுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். காற்றடித்தால் தூசு வீட்டு வாசலுக்கு வருகிறது. காய்கறிக் குப்பையென்றால் மக்கிப்போகும். ஈயம் மக்காது. அந்தக் காலத்தில் உருக்காலைப் புகையோடு வந்து விழுந்ததுகூட மேல்மண்ணிலேயே இருக்கிறது.

அது எப்படி உடம்புக்குள் போகும்? குழந்தை தவழும், கையை வாயில் வைக்கும். அவ்வளவுதான். பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு ஈயத்தைக் குழந்தையின் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். கால்சியம் என்று ஏமாந்து எலும்பில் வேறு சேர்த்துவைக்கும். மூளை வளர்ச்சி, கவனம், காது கேட்பது என எல்லாவற்றிலும் கைவைக்கும். ‘இந்த அளவு வரை பரவாயில்லை’ என்று ஈயத்தில் ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ரத்தத்தில் ஈயத்தைக் குறைக்க மருந்து உண்டு. ஆனால், மருந்து சாப்பிட்ட குழந்தை திரும்பிப் போவதும் அதே வாசலுக்குத்தான். உலக வங்கி நிதியில் சில வீடுகளில் மண்ணை மாற்றியிருக்கிறார்கள். கறுப்பு மலையை அங்கேயே விட்டுவிட்டு வாசலை மட்டும் சுத்தம் செய்தால் எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஒட்டடை அடிக்காமல் வீட்டைப் பெருக்குகிற என் ஞாயிற்றுக்கிழமை வேலைதான் ஞாபகம் வந்தது.

அன்று ராத்திரி அக்கா வீடியோ காலில் வந்தாள். அவள் மகனுக்கு ஒன்றரை வயது. பேசிக்கொண்டிருக்கும்போதே துளசித் தொட்டியில் கையை விட்டு, அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். “டேய்... துப்பு, துப்பு! அப்படியே மாமா மாதிரி” என்று சிரித்தாள் அக்கா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. காப்வேயில் ஓர் அம்மா இதே ‘துப்பு’வை எந்தக் குரலில் சொல்லுவார்?

மறுநாள் போட்டோ ஸ்டோரி ஒன்பது ஊர்களோடுதான் போனது. “காப்வேயைத் தனியா எழுதித் தர்றேன் சார்” என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.