அறுபதில் அவிழ்த்த முடிச்சு

இச்சிக்கு குபோத்தாவைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் சொல்வது, அழிந்துபோன சாயக்கலையை மீட்டவர் என்று. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அப்படியே மீட்க முடியாது என்று ஒப்புக்கொண்டதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது.

1917இல் டோக்கியோவில் பிறந்தவர். 14 வயதிலேயே சாயத்தொழில் பழகப் போய்விட்டார். 20 வயதில் அருங்காட்சியகத்தில் ஒரு பழைய துணித்துண்டு கண்ணில் பட்டது. சுஜிகஹானா என்ற வகை. பூவின் விளிம்பில் நூலோட்டி, சுருக்கி, இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். கட்டை அவிழ்த்ததும் இதழ்களின் மேல் மையால் மெல்லிய கோடு இழுப்பார்கள். 16ஆம் நூற்றாண்டில் படைத்தலைவர்களும் உடுத்திய துணி. அடுத்த நூற்றாண்டில் வழக்கொழிந்தது. செய்முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. அந்தத் துண்டு அவரை விடவே இல்லை.

இடையில் போர், பிறகு சைபீரியாவில் கைதி வாழ்க்கை. திரும்பிவந்து பிழைப்புக்கு வழி செய்துகொண்டு, நடுவயதில்தான் முழுமூச்சாக இறங்கினார். இறங்கியதும் முட்டியது சாயத்தில் அல்ல, துணியில். பழைய சுஜிகஹானாவுக்கு நெரினுகி என்ற பட்டு வேண்டும்: பாவு கச்சாப் பட்டு, ஊடை பசை போக்கிய பட்டு. அதை நெய்யும் வழக்கமே போய்விட்டிருந்தது. அவர் தம் காலத்துச் சுருக்கப்பட்டை எடுத்துக்கொண்டார். சாயமும் ரசாயனச் சாயம்தான். தமக்குக் கைவந்ததற்கு 'இச்சிக்கு சுஜிகஹானா' என்று தம் பெயரையே முன்னால் போட்டுக்கொண்டார்.

இயற்கைச் சாயப் பற்றாளர்கள் இந்த இடத்தில் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். அவருடைய கிமோனோவைக் கிட்டத்தில் எடுத்த படத்தில் பாருங்கள். கட்டுச் சாயத் துணியை அவிழ்த்ததும் ஆவி காட்டி நீவிச் சமமாக்குவது வழக்கம். இவர் பல இடங்களில் அந்தச் சுருக்கங்களை அப்படியே விட்டுவிட்டார். கட்டின இடமெல்லாம் மேடும் பள்ளமுமாக நிற்கிறது; மேட்டில் ஒளி ஏறுகிறது, பள்ளத்தில் நிறம் கறுக்கிறது. ஒரே துணியைக் கட்டி, சாயமிட்டு, ஆவியில் வைத்து, அலசி, அவிழ்த்து, மறுபடி கட்டி... நிறம் இப்படி அடுக்கடுக்காக ஏறியது. பழைய துண்டில் இல்லாத ஆழம் இது. நகல் எடுப்பதோடு நின்றிருந்தால் இது கிடைத்திருக்காது.

1977இல், 60 வயதில்தான் இந்தத் துணிகளை முதன்முதலாகக் கண்காட்சிக்கு வைத்தார். சைபீரியாவில் பார்த்த அந்திச் சூரியனும் துணியில் ஏறியது. 'ஒளியின் சிம்பொனி' என்றொரு தொடர் தொடங்கினார். கிமோனோக்களை வரிசையாக நிறுத்தினால் ஒன்றின் மலைச்சரிவு அடுத்ததில் தொடரும். இலையுதிர்காலம் மெல்லப் பனிக்காலமாகும். மொத்தம் 80 கிமோனோ என்று திட்டம். ஒன்றை முடிக்கவே ஓராண்டுகூடப் பிடிக்கிற வேலை. அந்த வயதில் 80! கணக்கு அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? 2003இல் அவர் காலமானபோது தொடர் முடியவில்லை. பட்டறையில் அவரிடம் பழகியவர்கள் மேற்கொண்டு கட்டினார்கள்.