ஒற்றைப் பாதையில் ஓர் இரவு

திருகோணமலைக்குச் செல்வோர் முதலிற் காண விழைவது கடலை. கடலைக் கண்டபின் கோணேசர் கோயில் கொண்டுள்ள மலைமுனையை. அதன்பின் பிரெட்ரிக் கோட்டைக்குள் அச்சமின்றித் திரியும் மான்களை. நேரமிருப்பின் கன்னியா வெந்நீர்க் கிணறுகளை. அவ்வூர்ப் புகையிரத நிலையத்தைக் காணவென்று எவரும் போவதில்லை. வண்டி ஏறவும் இறங்கவும் அதனூடே நடப்பதோடு சரி. ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன், நிலவு நன்கு காய்ந்த ஓர் இரவில், அந்நிலையத்திலிருந்து நான் மேற்கொண்ட பயணந்தான் அத்துறைமுக மாவட்டத்தைப் பற்றி எனக்கு மிகுதியாகக் கற்பித்தது. அதனை நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

அன்று பகல் முழுவதும் உட்துறைமுகத்தைச் சுற்றி வந்திருந்தேன். மலைகள் அணைத்து நிற்க, காற்றுக்கும் அலைக்கும் அஞ்சாமற் கப்பல்கள் ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் அது. அதன் ஆழத்தையும் அடக்கத்தையும் கண்டே போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராக அதற்கு ஆசைப்பட்டனர். சீனக்குடாவின் காட்டுக்குள் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் இன்றும் 99 நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்ததையும் அந்தக் காடு கண்டது. 1957-இல் ஆங்கிலக் கடற்படை விடைபெற்றுச் சென்றது. பின்னர் 1980-இல் அதே கரையில் பிறீமா மா ஆலை எழுந்தது. உலகின் பெரிய மா ஆலைகளுள் ஒன்று என அதனைச் சொல்வர். கோதுமை கப்பலில் வருகின்றது. மாவாகி லொறியிலும் புகையிரதத்திலும் நாட்டுக்குள் போகின்றது.

அந்தி மயங்கியதும் நிலையத்துக்கு வந்தேன். அந்நாளில் திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு நேரே கொண்டுசெல்லும் இரவு வண்டி ஒன்றே ஒன்று. மேடையில் நின்றோரைப் பார்த்தால் ஊர் முழுவதையும் பார்த்ததுபோல் இருந்தது. விடுமுறை முடிந்து திரும்பும் மாணவர், கருவாட்டுப் பொதியைத் துணியாற் சுற்றி மணத்தை மறைக்க முயலும் வியாபாரி, கைக்குழந்தையோடு ஒரு தாய். என் பெட்டியில் எனக்கெதிரே வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் பேரனுடன் வந்தமர்ந்தார். மடியில் ஒரு பை. அதற்குள் நெகிழியுறையில் வைத்த கிளினிக் கொப்பி.

"கொழும்பில் உறவினர் இருக்கிறார்களா அம்மா?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை, தம்பி. அதுதானே இந்தக் கோச்சியில போறது. இரவு படுக்கிறது கோச்சிக்குள்ள, விடிய ஆஸ்பத்திரி, பின்னேரம் வேலை முடிஞ்சா இரவே திரும்பலாம். பகல்ல போனா ரெண்டு இரவு எங்க தங்கிறது? தங்குற காசுக்கு மருந்தே வாங்கலாமே."

இதைக் குறைபோல அவர் சொல்லவில்லை. வீட்டுக் கணக்கைச் சொல்வதுபோலச் சொன்னார். பேரன் சாளரத்தோரம் இடம்பிடித்துவிட்ட பெருமையில் எதையுங் கேட்கவில்லை.

வண்டி புறப்பட்டது. சீனக்குடாவில் ஆலையின் விளக்குகள் நீரில் நீண்டு ஆடின. அப்பால் தம்பலகாமத்து வயல்வெளி. நிலவொளியில் வரப்புகள் வெள்ளிக் கோடுகளாய் ஓடின. அந்நிலையத்தில் ஏறிய பெரியவர் ஒருவர் எங்களருகே அமர்ந்தார். வயல் செய்பவர், அதற்குமுன் பல்லாண்டு தண்டவாளம் பேணும் வேலைகாரரோடு உழைத்தவர். அவர் வாய்திறந்தபோதுதான், நான் பலமுறை பயணஞ்செய்த பாதையை ஒருமுறையேனும் அறிந்ததில்லை என்பது விளங்கிற்று.

மாகோச் சந்தியிலே வடபாதையிலிருந்து பிரிந்து, கல்ஓயாவில் இரண்டாகக் கிளைத்து, ஒரு கிளை மட்டக்களப்புக்கும் மறுகிளை திருகோணமலைக்குமாகப் போகும் இப்பாதை 1927-இல் திருகோணமலையைத் தொட்டது. கொழும்புக் கோட்டையிலிருந்து ஏறத்தாழ 295 கிலோமீற்றர். அதில் கல்ஓயாவுக்கு இப்பாலுள்ள கடைசி 70 கிலோமீற்றரும் ஒற்றைத் தண்டவாளம். ஒற்றைப் பாதையில் இரு நிலையங்களுக்கிடையே ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்கே இடமுண்டு. எதிர்வரும் வண்டிக்கு வழிவிட வேண்டுமானால், பக்கப்பாதையுள்ள நிலையம் ஒன்றில் ஒதுங்கி நின்றாக வேண்டும். நிலைய அதிபர் வளையத்திற் கோத்த தோற்பையில் வட்டத் தகடொன்றை வைத்து ஓட்டுநரிடம் நீட்டுவதை இந்நாட்டின் பழைய ஒற்றைப் பாதைகளிற் பயணஞ்செய்த பலரும் கண்டிருப்பர். அத்தகடு கையில் இருந்தாலன்றி எஞ்சின் அடுத்த பகுதிக்குள் நுழையலாகாது. இரு நிலையங்களிலும் உள்ள, ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட பொறிகளிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு தகடே வெளிவரும். எனவே இரு வண்டிகள் எதிரெதிரே சந்திக்க இயலாது.

கந்தளாயைக் கடந்து, காடு நெருங்கும் இடத்தில் சிறு நிலையமொன்றில் எங்கள் வண்டி நின்றது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம் சென்றன. தவளைகளின் ஒலியன்றி வேறொலி இல்லை. நீளக் காற்சட்டை அணிந்த இளைஞர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்தார். கடைசியில் எதிர்த்திசையில் ஒளி தோன்றிற்று. மெல்ல, மிக மெல்ல, சரக்கு வண்டியொன்று பக்கத்துப் பாதையில் உருண்டு சென்றது. பெட்டி பெட்டியாகக் கடகடத்த ஓசையிலேயே அவற்றுள் ஒன்றும் இல்லையென்பது தெரிந்தது.

"வெறும் வண்டி! ஒரு மூட்டைகூட இல்லாத வண்டிக்காகவா இத்தனை பேர் காத்துக்கிடந்தோம்?" என்றார் இளைஞர்.

பெரியவர் சிரித்தார். "வெறும் பெட்டி சீனக்குடாவுக்குப் போய்ச் சேர்ந்தாத்தானே, தம்பி, நாளைக்கு மா ஏத்தலாம். நீங்க கொழும்பில காலமை சாப்பிடுற பாண் இப்பதான் போகுது."

நான் வாயடைத்துப் போனேன். அவர் கூறியது முற்றிலும் உண்மை. ஆனால் எதிரே அம்மையாரின் மடியிலிருந்த கொப்பியும் உண்மை. மா வண்டியும் மருத்துவமனைக்குப் போகும் முதியவரும் ஒரே தண்டவாளத்தை நம்பியிருக்கின்றனர். இருவரில் யாரும் பகைவரல்லர். பாதைதான் ஒன்று.

இதன் கணக்கைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். இரு நிலையங்களுக்கிடையே 12 கிலோமீற்றர் எனக் கொள்வோம். மணிக்கு 24 கிலோமீற்றர் வேகத்தில் ஊரும் சரக்கு வண்டி அவ்விடைவெளியை அரைமணி நேரம் அடைத்துக்கொள்ளும். அதற்குப் பத்து நிமிடம் பிந்தி வரும் பயணி வண்டி, அந்தப் பத்து நிமிடத்தோடு மேலும் இருபது நிமிடத்தையும் இழக்கும். இழந்த நேரம் அடுத்த நிலையத்தில் வேறொரு வண்டியைத் தடுக்கும். மாகோவுக்கு அப்பால் யாழ்ப்பாணத்து வண்டிகளும் அதே பாதைக்கு வந்துவிடுகின்றன. காட்டில் தொடங்கிய தாமதம் பொல்ககவெல வரை பயணம் போகும்.

இச்சிக்கலைத் தீர்க்க மேலதிகாரிகளுக்கு எளிதாகத் தோன்றும் வழி ஒன்றுண்டு: பயணி வண்டிகளைக் குறைப்பது. மாவுக்கு நிறையுண்டு, இத்தனை தொன் என்று ஏட்டில் எழுதலாம். அம்மையாரின் ஓர் இரவை எந்த நிறையால் அளப்பது? இது நம் நாட்டுக்கு மாத்திரம் உரிய கேள்வியன்று. அமெரிக்காவில் நெடுந்தூரப் பயணி வண்டிகளை நடத்தும் ஆம்ட்ராக் நிறுவனம், பெரும்பாலும் சரக்குக் கம்பனிகளுக்குச் சொந்தமான தண்டவாளங்களில் ஓடுகின்றது. பயணி வண்டிக்கே முன்னுரிமை என்று 1973-இலேயே அந்நாட்டுச் சட்டம் கூறிற்று. ஆயினும் சரக்கு வண்டிகளின் பின்னே காத்துநிற்கும் கதை இன்னும் ஓயவில்லை. 2020 ஒக்ரோபரில், பெருந்தொற்றுக் காலத்தில், அங்குள்ள நெடுந்தூர வண்டிகளிற் பெரும்பாலானவை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைக்கப்பட்டன. நாள்தோறும் ஓடும் முறை திரும்ப 2021 ஆயிற்று. இந்தியாவோ சரக்குக்கென்றே தனிப் பாதைகளை அமைக்கும் பெருவேலையில் இறங்கிற்று. லூதியானாவிலிருந்து கிழக்கே 1,337 கிலோமீற்றரும், டில்லியை அடுத்த தாத்ரியிலிருந்து மும்பைத் துறைமுகப் பக்கமாக 1,506 கிலோமீற்றரும் அதன் அளவு. அத்தகைய பெருஞ்செலவு நமக்கு எட்டாது. எட்டக்கூடியதை நாம் எண்ண வேண்டும்.

கிழக்கின் பாதைக்கு வேறொரு பங்காளியும் உண்டு. கல்ஓயாவைச் சூழ்ந்த காடு யானைகளின் வீடு. 2024 ஒக்ரோபரில் மின்னேரியாப் பக்கத்தில் எரிபொருள் வண்டியொன்று யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டது. இரு யானைகள் மாண்டன. 2025 பெப்ரவரி 20-ஆம் நாள் கல்ஓயாவுக்கும் அபரணைக்கும் அண்மையில் பயணி வண்டி மோதி ஆறு யானைகள் மாண்டன. அதன்பின் கிழக்கு நோக்கிய இரவு வண்டிகள் சிலவற்றின் நேரங்கள் மாற்றப்பட்டன. யானையின் உயிர்க்காக வண்டி மெல்லப் போவதை யாரும் மறுக்க முடியாது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலோ இலங்கையின் இருப்புப் பாதைகளிற் பெரும்பகுதியைச் சிதைத்தது. இத்தகைய ஒவ்வோர் இடருக்குப் பின்னும் பாதை திருத்தப்படும்போது, எந்த வண்டி முதலில் ஓடும், எது கடைசியில் ஓடும் என்ற கேள்வி புதிதாய்ப் பிறக்கின்றது.

அக்கேள்விக்கு விடை தேடுவோர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். நாளொன்றுக்குப் பத்து வண்டிகள் ஓடும் ஊரில் ஒன்றைக் குறைத்தால் ஒன்பது எஞ்சும். மக்கள் முணுமுணுத்துவிட்டு அடுத்ததில் ஏறிக்கொள்வர். ஓர் இரவு வண்டியே உள்ள ஊரில் ஒன்றைக் குறைத்தால் எஞ்சுவது வெறுமை. ஏட்டில் இரண்டுங் குறைப்பு ஒன்றே, வாழ்வில் ஒன்றல்ல. சரக்கு வண்டியை நிறுத்திவிடுக என்றும் நான் கூறமாட்டேன். அதன் சுமை வீதிக்கு வந்தால் லொறிகள் பெருகும். வீதியும் கெடும், வழிநடப்போர் உயிருக்கும் இடராகும். பக்கப்பாதைகளை நீட்டலாம், புதர் மூடிப்போன பழைய பக்கப்பாதைகளைத் திருத்தலாம், சரக்கு வண்டிக்கும் பயணி வண்டிபோல நேரங் குறித்து அதைக் காக்கலாம். குறைத்தே தீரவேண்டுமென்றால், அதை மாதங்களுக்கு முன்பே சொல்லலாம். எஞ்சும் வண்டியேனும் நேரந் தவறாதிருக்கச் செய்யலாம். காலஅட்டவணை என்பது வெறுங் கடதாசியன்று. எளியவருக்குக் கொடுத்த வாக்கு.

பெட்டிகள் கடந்து முடிந்தன. நிலைய அதிபர் கைவிளக்கை உயர்த்தினார், வண்டி அசைந்தது. காட்டின் கருமை இருபுறமும் நெருங்கிற்று. அம்மையார் சேலைத் தலைப்பால் பேரனைப் போர்த்திவிட்டுத் தாமும் கண்ணயர்ந்தார். சலித்துக்கொண்ட இளைஞர் எழுந்து, தம் பையை மேலே ஏற்றிவிட்டு, பையன் கால் நீட்டுவதற்குத் தம் இடத்தைக் கொடுத்தார்.

கொழும்புக் கோட்டையில் இறங்கியபோது இருள் முழுதும் விலகவில்லை. அம்மையார் பையைத் திறந்து கொப்பி இருக்கின்றதா என ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"திரும்புவது எப்போது அம்மா?" என்றேன்.

"இண்டைக்கு இரவுக்கே, தம்பி. கோச்சி இருக்குத்தானே."

பேரனின் கையைப் பற்றிக்கொண்டு அவர் கூட்டத்துள் நடந்து மறைந்தார். அவர் சொன்ன அந்த இரண்டு சொற்களைப் பொய்யாக்காமற் காப்பதே அந்த ஒற்றைப் பாதையை ஆள்வோரின் முதற்கடமை எனக் கருதுகின்றேன்.