குதிரை மூச்சு: காதேஷ் ஆட்டக் குறிப்புகள்

2,500 தேர்கள். காதேஷ் போரில் ஹிட்டைட் மன்னன் முவத்தல்லி முதல் அலையில் அனுப்பியவை என்று எகிப்தியர் கல்லில் வெட்டி வைத்த எண். பின்னால் இன்னும் 1,000. கி.மு. 1274 வாக்கில் நடந்த இந்தப் போருக்கு மினியேச்சர் ஆட்ட விதி எழுத உட்கார்ந்தால் முதலில் இந்த எண்ணோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. பக்கத்துத் தேரின் சக்கரம் உரசாமல் இருக்கத் தேருக்கு 4 மீட்டர் கொடுத்தால் ஒரே வரிசை 10 கிலோமீட்டர் போகும். எங்கள் மேசை 180 சென்டிமீட்டர். 1 செ.மீ.க்கு 40 மீட்டர் என்று அளவு வைத்தோம். உருவங்களை நிறுத்தும் 6 செ.மீ. பேஸ் ஒன்றில் 60 தேர் நிற்கும். 42 பேஸ் வேண்டும். அடுக்கிப் பார்த்தால் 252 செ.மீ.; அணியின் ஒரு முனை மேசையைத் தாண்டிச் சமையலறைக் கதவுக்குப் போகிறது.

இரட்டை வரிசையாக நிறுத்தினால் 21 பேஸ், 126 செ.மீ. அடங்குகிறது. இப்போதைக்கு இப்படித்தான்.

*

எண்ணையே சந்தேகப்படலாம். முவத்தல்லியை எதிர்த்த எகிப்திய மன்னன் ராம்செஸின் தலைநகரான பி-ராம்செஸ் இருந்த கன்டீரில், நைல் டெல்டாவில், அகழ்ந்தெடுத்த அரசுக் குதிரைலாயத்தில் ஏறக்குறைய 460 குதிரைகள் கட்டலாம் என்கிறார்கள். தேருக்கு இரண்டு என்றால் 230 தேர். பேரரசின் தலைநகர லாயத்துக்கே இந்த அளவு. எதிரில் 3,500 தேர் என்றால் 7,000 குதிரை. மாற்றுக் குதிரைகள் தனி. அத்தனைக்கும் தினம் தண்ணீர், தீனி. ஹிட்டைட்டுகள் தனியாக வரவில்லை என்பதும் உண்மைதான்: அலெப்போ, கார்க்கெமிஷ், உகாரித், அர்சாவா, லுக்கா என்று கூட்டாளிகள் பட்டியல் நீளம். இருந்தாலும் ஜெயித்தவன் என்று சொல்லிக்கொள்கிறவன் எதிரியை எண்ணும்போது கை கொஞ்சம் தாராளமாகத்தான் இருக்கும்.

விதிப் புத்தகத்தில் இரண்டு அட்டவணை தர உத்தேசம். ஒன்று ராம்செஸ் கணக்கு, ஒன்று லாயக் கணக்கு. ஆடுகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

*

போரின் போக்கு, மறந்துபோகாமல் இருக்க:

எகிப்தின் நான்கு படைப்பிரிவுகள்: ஆமூன், ரே, ப்தாஹ், சேத். ஒன்றன்பின் ஒன்றாக ஒரோண்டெஸ் ஆற்றங்கரையில் வடக்கே வருகின்றன. வழியில் பிடிபட்ட இரண்டு ஷாசு நாடோடிகள், ஹிட்டைட் மன்னன் தொலைவில் அலெப்போ பக்கம் இருப்பதாகச் சொல்கிறார்கள். பொய். அவன் காதேஷ் மேட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறான். ராம்செஸ் ஆமூன் பிரிவோடு முன்னால் போய்க் கூடாரம் அடித்தபின், இரண்டு ஹிட்டைட் ஒற்றர்கள் சிக்கி அடி வாங்கி உண்மையைக் கக்குகிறார்கள். அதற்குள் ஹிட்டைட் தேர்கள் ரே பிரிவின் விலாவில் புகுந்துவிட்டன. ரே சிதறி ஓட, துரத்தியபடியே தேர்கள் அரச கூடாரத்துக்குள். ராம்செஸ் தன் தேரிலேறி எதிர்த்தாக்குதல். அமுரு நாட்டுப் பக்கமிருந்து நெஆரின் என்ற படை சரியான நேரத்தில் வந்து சேர்கிறது. ஹிட்டைட் தேர்கள் ஆற்றில் விழுந்து ஓட்டம்.

ரே பிரிவுக்கும் மன்னனுக்கும் இடைவெளி ஒரு இத்தெரு (எகிப்திய நீள அளவு) என்று கல்வெட்டு. ஏறத்தாழ 10.5 கி.மீ. எங்கள் அளவில் 262 செ.மீ.! எனவே ரே பிரிவு நசுங்குவது ஒரு மேசை, கூடாரச் சண்டை இன்னொரு மேசை. நடுவில் இருக்கும் தூரத்தைச் சும்மா 'வந்து சேர்ந்தார்கள்' என்று விட்டுவிடலாமா என்பதுதான் இந்தக் குறிப்புகளில் பாதிக்குக் காரணம்.

*

தேர் பற்றி.

எகிப்தியத் தேர் நாம் டிவி மகாபாரதத்தில் பார்த்த கோயில் தேர் அல்ல. வளைத்த மரச்சட்டம், தோல்வார் பின்னிய தரை, ஆறு ஆரக்கால் சக்கரம், அச்சு பின்விளிம்பில். துட்டன்காமன் கல்லறையில் ஆறு தேர்கள் கிடைத்தன. அலங்காரத் தகடு இல்லாத சாதாரணத் தேரை இரண்டு பேர் தூக்கி ஓடை தாண்ட வைக்கலாம். ஆள் இருவர்: தேரோட்டி, வில்லாளி. அச்சு பின்னால் இருப்பதால் சட்டென்று திரும்பினாலும் குடை சாயாது, ஓடும் தளமும் அவ்வளவு குலுங்காது. ஓடிக்கொண்டே எய்வதற்கென்றே செய்தது.

எகிப்தியச் சிற்பங்களில் ஹிட்டைட் தேரில் மூவர்: ஓட்டி, கேடயக்காரன், போராளி. சில சிற்பங்களில் அச்சு நடுவுக்கு நகர்ந்திருக்கிறது. கூடுதலாக ஒரு ஆள் என்றால் கூடுதலாக 60, 65 கிலோ. அதையும் அதே சைஸ் குதிரை இரண்டுதான் இழுக்க வேண்டும். அக்காலக் குதிரையின் தோள் உயரம் 1.35 மீட்டர் சுமார், இன்றைய பார்வையில் மட்டக்குதிரை.

பழைய விதிப் புத்தகங்கள் இதைப் பார்த்துவிட்டு எகிப்து = லேசான தேர், ஹிட்டைட் = கனமான தேர், கனமானது பாய்ந்தால் கூடுதல் புள்ளி என்று முடித்துவிடும். கவசமணிந்த ஐரோப்பிய வீரன் ஈட்டியோடு பாய்வதற்கு எழுதிய விதியைத் தேருக்குப் போர்த்திவிட்டது போல் இருக்கிறது. ஹிட்டைட் பக்கம் ஆடும் நண்பன் பேஸைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"டேய், என் ஆள் இந்த ஈட்டியால யாரைக் குத்துவான்? தன் குதிரை முதுகையா?"

நியாயமான கேள்வி. தேரில் நிற்பவனுக்கு முன்னால் குதிரைகள் முழு நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கின்றன. நேரே குத்த வழியில்லை. பக்கவாட்டில், கடந்து போகும் எதிரியைக் குத்தலாம். ஓடுகிறவனைப் பின்தொடர்ந்து குத்தலாம். எதிரில் வரும் தேரின்மேல் குதிரை தானாக முட்டாது. ராபர்ட் ட்ரூஸ் 1993இல் வந்த புத்தகத்தில் ஹிட்டைட் தேரிலும் வில்தான் முக்கியம் என்று வாதிட்டார். மூன்றாம் ஆள் இறங்கிச் சண்டை போடுவதற்காக ஏற்றி வந்த காலாள் என்பது இன்னொரு கட்சி.

மூன்றையும் மேசையில் ஓட்டிப் பார்த்தோம். பாய்ச்சல் புள்ளி கொடுத்தால் ஹிட்டைட் தேர்கள் ரே பிரிவைத் தின்றுவிட்டு ஆமூனையும் தின்கின்றன, ராம்செஸ் பிணமாகிறான். வில் கொடுத்தால் இரண்டு பக்கமும் ஒன்றே போல், ஆட்டம் உப்புச்சப்பில்லை. இறங்கிச் சண்டை விதி சுவாரசியம், ஆனால் இறங்கியவனைத் திரும்ப ஏற்றும் வேலையில் ஒரு மாலை போய்விடுகிறது. கடைசியில் எடுத்தது: குலையாத அணிமீது தேர்களுக்குக் கூடுதல் எதுவும் இல்லை, குலைந்த, நடையில் இருக்கும், முதுகு காட்டும் அணிமீது இரட்டிப்பு. ரே பிரிவு நடைவரிசையில் வந்தது. அது போதும்.

*

டெஸ்ட் ஆட்டத்துக்கு வண்ணமடித்த உருவங்கள் வேண்டாம். அட்டைத் துண்டு, பாட்டில் மூடி போதும். அழகான தேரை எடுத்து வைத்துவிட்டால் அதைச் சாகவிட யாருக்கும் மனசு வருவதில்லை. விதியைத் திட்ட ஆரம்பிக்கிறார்கள்.

*

அம்பு. கோலர் பாப்பிரஸில் தேர்த் தளவாடப் பட்டியல் ஒன்று உண்டு: அம்பறாத்தூணிக்கு 80 அம்பு. நிமிடத்துக்கு ஆறு விட்டால் 13 நிமிடத்தில் காலி. எங்கள் சுற்று ஒன்று 10 நிமிடம். ஆகவே அம்புக் கணக்குக்குத் தனிச் சில்லு வைத்தோம். எடுத்துவிட்டோம். அம்பு தீருமுன் வேறொன்று தீர்ந்துவிடுகிறது.

*

அந்த வேறொன்று குதிரையின் மூச்சு.

விதி இப்படி. நடை: ஒன்றுமில்லை. பெருநடையில் இரண்டு சுற்றுக்கு ஒரு மணி, அதாவது பேஸ் பக்கத்தில் ஒரு பாசிமணி. நாலுகால் பாய்ச்சல்: உடனே ஒரு மணி. ஆறு கடந்து ஈரக்கரை ஏறினால் ஒன்று. கைகலப்பு ஒன்று. மூன்று மணி சேர்ந்தால் பாதி வேகம், துரத்த முடியாது. நான்கானால் எந்த இடி பட்டாலும் ஓட்டம். வில்லெட்டும் தூரத்தில் எதிரி இல்லாமல் ஒரு சுற்று நின்றால் ஒரு மணி கழியும்.

போட்ட உடனே காதேஷ் தானாக வந்து நின்றது. ஹிட்டைட் தேர் ஆறு கடக்கிறது, ஒரு மணி. ரே பிரிவைக் குலைக்கிறது, இரண்டு. கூடாரம்வரை துரத்துகிறது, மூன்று. அங்கே சண்டை, நான்கு. அந்த நேரத்தில் நிழலில் நின்று இளைப்பாறிய குதிரைகளோடு ராம்செஸ் வருகிறான். எண்ணிக்கையில் கால்வாசி இருந்தாலும் போதும், தட்டினால் விழுகிறார்கள். நெஆரின் வந்தால் உறுதி, வராவிட்டால் இழுபறி.

குதிரையைப் பழக்குவதில் அந்தக் காலத்தவர் எவ்வளவு கவலைப்பட்டார்கள் என்பதற்குக் கிக்குலியின் களிமண் பலகைகளே சாட்சி. மிட்டனி நாட்டுக் குதிரைப் பயிற்சியாளன். ஹிட்டைட் தலைநகர் ஹத்துசாவில் கிடைத்த பலகைகள். எத்தனை தூரம் ஓட்டுவது, எப்போது தண்ணீர், எப்போது குளிப்பாட்டல், எந்த இரவில் பட்டினி என்று நாள்வாரியாகப் போகிறது. குத்துவதற்கோ எய்வதற்கோ அப்படி ஒரு புத்தகம் அவர்கள் விட்டுப் போகவில்லை.

*

கூடாரக் கொள்ளை. ஹிட்டைட்டுகள் ஏன் தோற்றார்கள் என்பதற்குப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் சொல்லும் பிரபலமான காரணம்: கூடாரத்தைக் கண்டதும் இறங்கிச் சுருட்டப் போய்விட்டார்கள். விதியாக எழுதுவது எளிது. கூடாரத்தைத் தொட்டால் பகடை உருட்டு, 4 வந்தால் கொள்ளை. எகிப்துப் பக்கம் ஆடும் சாருக்கு இந்த விதிமேல் தனிப் பிரியம். எனக்கு இல்லை. மூச்சு விதி இருந்தால் இது தேவைப்படுவதே இல்லை.

போகட்டும், சண்டையை விட்டுக் கொள்ளைக்குப் போனவர்கள் என்று நேரடிச் சாட்சி இருப்பது எகிப்தியர்மேல்தான். காதேஷுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன், மெகிடோவில். மூன்றாம் துத்மோஸின் தேர்கள் வர, கானானியர் குதிரையையும் தேரையும் போட்டுவிட்டு நகருக்குள் ஓடினார்கள். மதிலுக்கு மேலிருந்து துணியைத் தொங்கவிட்டு இழுத்தார்களாம். அப்போதே பின்தொடர்ந்திருந்தால் நகரம் விழுந்திருக்கும், வீரர்கள் பொருள்மேல் ஆசைப்பட்டுவிட்டார்கள் என்று மன்னனுடைய சொந்தக் குறிப்பேடே வருத்தப்படுகிறது. பிறகு ஏழு மாத முற்றுகை. கடைசிக் கணக்கில் 924 தேர், 2,041 குதிரை. இந்த எண்ணை நம்பலாம் போலிருக்கிறது, வட்டமாக இல்லை.

மெகிடோவையும் அதே விதியில் ஆடினோம். ஒரு போருக்கென்றே தைத்த சட்டையா என்று பார்க்க வேண்டுமே. கானானியர் மூச்சு வாங்காமலேயே ஓடுகிறார்கள். அது மன உறுதி அட்டவணையின் வேலை, குதிரையின் வேலை அல்ல. சரி.

ஆக, கொள்ளை விதி புத்தகத்தில் இருக்கும், எகிப்துக்கு மட்டும். சார் இரண்டு நாள் பேசவில்லை.

*

"அரசருக்கு ஒரு சலுகையும் கிடையாதா தம்பி? தனியா நின்னு ஜெயிச்சார்னு அஞ்சு கோயில்ல எழுதி வச்சிருக்கார்."

எழுதியிருக்கிறார். அபிடோஸ், கர்னாக், லக்சர், ராமசியம், அபு சிம்பெல். படைகள் கைவிட்டு ஓட, கேடயக்காரன் மென்னா நடுங்கிப்போக, ஆமூன் தெய்வம் கைகொடுக்க, தாமே எல்லோரையும் ஆற்றில் தள்ளியதாக. இதை விதியாக்கினால் மற்றவர்கள் ஆட வேண்டியதில்லை. ஆனால் அதே எழுத்தில் மன்னன் தன் தேர்க்குதிரைகள் இரண்டையும் பெயர் சொல்லிப் புகழ்கிறான்: 'தீப்ஸில் வெற்றி', 'மூத் மனநிறைவு'. இனித் தன் முன்னிலையில் தன் கையாலேயே தீனி வைப்பேன் என்கிறான். இது எனக்குப் பிடித்துப்போயிற்று. சலுகை ராம்செஸுக்கு இல்லை, குதிரைகளுக்கு: அரசப் பேஸ் மட்டும் ஆட்டத்தில் ஒரு தடவை ஒரு பாசிமணியைத் தூக்கி எறியலாம்.

சாருக்குப் பாதி சமாதானம்.

*

ஓட்டாள்கள். எகிப்தியத் தேரோடு கூடவே ஓடிய காலாள்; விழுந்த எதிரியை முடிப்பது, விழுந்த தன் ஆளைக் காப்பது. பேஸில் ஒரு சின்ன உருவம் வைத்தால் அழகு. ஓட்டாள் இருந்தால் பாய்ச்சல் கூடாது, கைகலப்பில் ஒரு புள்ளி அதிகம். விதி வரிசையில் இதுதான் எந்தச் சண்டையும் இல்லாமல் நிலைத்தது.

ஆற்றில் தள்ளப்பட்ட பேஸுக்குப் பகடை: 1 வந்தால் மூழ்கல். 6 வந்தால் அலெப்போ மன்னன். ராமசியச் சிற்பத்தில் அவனைத் தலைகீழாகப் பிடித்துக் குடித்த தண்ணீரைக் கொட்ட வைக்கிறார்கள். உயிரோடு திரும்புகிறான், மானம் போகிறது, வெற்றிப் புள்ளியில் ஒன்று குறைவு.

*

வெற்றி யாருக்கு? களத்தில் நின்றது ராம்செஸ். ஆனால் காதேஷ் விழவில்லை. அமுரு மறுபடி ஹிட்டைட் கைக்குப் போனது. முவத்தல்லியின் படை டமாஸ்கஸ் வட்டாரம்வரை இறங்கி வந்தது. பல வருஷம் கழித்து, கி.மு. 1259 வாக்கில், பின்னாளைய ஹிட்டைட் மன்னன் ஹத்துசிலியோடு உடன்படிக்கை. அந்த ஹத்துசிலிக்கு ராம்செஸ் எழுதிய கடிதம் ஒன்றில் காதேஷ் பற்றித் தான் சொன்னதே உண்மை என்று சாதிக்கிறான். அங்கிருந்து யாரோ கேலி பண்ணியிருக்க வேண்டும்.

புள்ளிகளை இரண்டாகப் பிரித்தாயிற்று: களப்புள்ளி, நாட்டுப்புள்ளி. இரண்டு பேரும் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். போகிறார்கள்.

*

தீராதது ஒன்று. ஹிட்டைட் காலாள், எகிப்தியக் கணக்கில் 37,000 பேர், ஆற்றுக்கு அக்கரையில் முவத்தல்லியோடு அசையாமல் நின்றார்கள். மேசையில் யாரும் அவர்களைச் சும்மா நிறுத்துவதில்லை. ஃபில் பார்க்கரின் டிபிஏ விதிகளில் (1990) போலச் சுற்றுக்கு ஒரு பகடை, அதில் விழுந்த எண்ணுக்குத்தான் அணிகள் நகரும் என்று வைத்தேன். ஆறு தாண்ட இரட்டை விலை. நண்பன் தேர்களைப் பட்டினி போட்டுவிட்டு அந்தப் புள்ளியில் காலாளை இறக்குகிறான், பாதி ஆட்டம் அவனுக்கே. நமக்கு ராம்செஸ் எங்கே எத்தனை பேரோடு நிற்கிறான் என்று தெரியும். முவத்தல்லிக்கோ, பின்னால் இன்னும் இரண்டு எகிப்தியப் பிரிவு எந்த நேரம் வருமோ என்ற பயம் இருந்திருக்கும்.

அடுத்த வரைவில்: ஆட்டம் தொடங்குமுன், எகிப்து அணி மேசைக்கு வருமுன், ஹிட்டைட் ஆடுபவர் சீட்டில் எழுதி மடித்து வைக்க வேண்டும். காலாள் கடக்குமா, கடந்தால் எந்தச் சுற்றில், எந்தத் துறையில். பிறகு மாற்றக் கூடாது. ப்தாஹ் பிரிவு வரும் நேரத்தை எகிப்துக்காரரும் அதேபோல ரகசியமாகப் பகடை உருட்டி வைப்பார். இந்தத் தடவை பக்கம் மாறி ஆடச் சொல்லியிருக்கிறேன்; சார் ஹிட்டைட். எகிப்துக்கு மட்டும் என்ற கொள்ளை விதி அப்படியே இருக்கட்டுமே என்று போனில் சொன்னார்.