143 அடி

காலையில் பேப்பர் வந்ததும் தாத்தா தேடுவது ஒரே வரியைத்தான்: பாபநாசம் அணை நீர்மட்டம். 143 அடி என்றால் நிறைவு. நூறைத் தாண்டிய நாளில் ஆச்சியிடம் காப்பிக்கு இன்னொரு கரண்டி சீனி கேட்பார். தூத்துக்குடியில் எங்கள் தெருவில் பாதிப்பேர் சங்கு குளிக்கப் போகிறவர்கள். அணையைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை? தாத்தாவுக்கோ அத்திமரப்பட்டியில் கொஞ்சம் வாழை இருந்தது. பாபநாசம் தண்ணீர் இறங்கி ஓடும் தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி ஸ்ரீவைகுண்டம். அதன் வடகால் போய்ச் சேருகிற கோரம்பள்ளம் குளத்துத் தண்ணீர்தான் அந்த வாழைக்கு. கடைமடைக்காரருக்கு மேலே இருக்கிற எல்லார் மீதும் சந்தேகம் உண்டு. தாத்தாவுக்குப் பாபநாசத்துக் கரண்டுக்காரர்கள் மேல். "பாதித் தண்ணிய மெஷினு குடிச்சிருதுலே மக்கா" என்பார்.

ஓர் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குப் போகிற வழியில் பாபநாசத்தில் இறங்கினோம். மலைச்சரிவில் தடித்த குழாய்கள், அடியில் பவர் ஹவுஸ். 1944-லிருந்து ஓடுவது. மேலே காரையாற்றில், அதாவது பாபநாசம் அணையில், தேக்கிய தண்ணீர் கீழணைக்கு வந்து, அங்கிருந்து குழாய்வழியே விழுந்து சக்கரத்தைச் சுழற்றும். பக்கத்தில் நின்றாலே உள்ளங்காலில் அதிர்வு ஏறியது. வாசலில் நின்ற ஊழியரிடம் தாத்தா நேராகவே கேட்டுவிட்டார்:

"எவ்வளவு தண்ணி எடுக்கிய தம்பி?"

"ஒரு சொட்டு எடுக்கல பெரியவரே. விழுற வேகத்தத்தான் எடுக்கோம். அந்தா பாருங்க, பூராவும் ஆத்துக்கே போகுது."

நுரைத்துக்கொண்டு வெளியேறிய தண்ணீரைத் தாத்தா வெகுநேரம் பார்த்தார். நம்பினாரா தெரியாது. அவர் சந்தேகம் முழுக்கப் பிசகு என்றும் நான் சொல்லமாட்டேன். மெஷின் குடிப்பதில்லை, சரி. ஆனால் எப்போது திறப்பது என்பதில் விளக்குக்கும் வயலுக்கும் ஒரே அவசரம் இருப்பதில்லையே.

1979-ல் எங்கள் கடற்கரையிலேயே அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. 210 மெகாவாட், பாபநாசத்தின் நான்கு இயந்திரங்களும் சேர்ந்து இன்றும் 32தான். கப்பலில் வரும் நிலக்கரி, குளிர்விக்கக் கடல்நீர். ஊரே பெருமைப்பட்டது. தாத்தா புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இம்புட்டுப் பெருசா கட்டிருக்கானே, இதுலேருந்து வாழைக்குத் தண்ணி வருமாலே?"