இறுக்கிப் பிடித்த கை

சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களில் பாதிப் பேர் குடைவரை நரசிம்மரைச் சேவிக்க வருகிறவர்கள், மீதிப் பேர் ஷிப்டுக்கு ஓடுகிறவர்கள். இறங்காமல் உட்கார்ந்திருந்தால் அடுத்தது பரனூர், அதற்கடுத்தது செங்கல்பட்டு. இந்த இரண்டு நிறுத்தத்துக்குள் தமிழ்நாட்டுத் தொழுநோய் வரலாற்றில் பெரும்பங்கு அடங்கிக் கிடக்கிறது. பரனூரில் அரசு மறுவாழ்வு இல்லம். செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையம். 1955இல் அரசு எடுத்துக்கொள்ளும்வரை அது லேடி வில்லிங்டன் பெயரில் ஸ்காட்லாந்து மிஷன் நடத்திய ஆஸ்பத்திரி.

அந்த ஆஸ்பத்திரியின் பொறுப்பில் இருந்தவர் ராபர்ட் காக்ரேன். மிஷனரிக் குடும்பத்தில், சீனாவில் பிறந்தவர். நீரடிமுத்து எண்ணெயை ஊசியில் ஏற்றுவதுதான் அன்றைய வைத்தியம். ஊசி போட்ட இடம் வலிக்கும், நோய் அவ்வளவாக அசையாது. 1940களில் டாப்சோன் வகை மருந்துகள் வந்ததும் அவற்றைத் துணிந்து கையாண்ட முன்னோடிகளில் காக்ரேனும் ஒருவர். நோய் அடங்கத் தொடங்கியது. ஆனால் மடங்கிப்போன விரல்கள் மடங்கியபடியேதான் இருந்தன.

1947இல் வேலூர் சி.எம்.சி.யிலிருந்து ஓர் இளம் எலும்பு அறுவை மருத்துவர் திருமணியைப் பார்க்க வந்தார். பெயர் பால் பிராண்ட். கொல்லிமலையில் ஊழியம் செய்த தம்பதியின் மகன். பிறந்ததும் அந்த மலையில்தான். நோயாளிகளின் கைகளைப் பார்த்தவர், இவற்றைச் சரிசெய்ய ஏன் யாரும் முயலவில்லை என்று காக்ரேனிடம் கேட்டார். எலும்பு டாக்டர் நீங்களா, நானா என்கிற தோரணையில் கேள்வி அவர்மேலேயே திரும்பி வந்தது.

அடுத்து நடந்தது மருத்துவ மாணவர்களுக்கு இன்றும் சொல்லப்படும் சம்பவம். கொக்கி போல் வளைந்த ஒரு கைக்குள் பிராண்ட் தன் கையை வைத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடி பலமாக விழுந்தது, வலித்தது. செத்துப்போன கை என்று எல்லாரும் நினைத்திருந்த கையில் அவ்வளவு பலம்! உள்ளங்கையின் சிறு தசைகள்தான் நரம்பு கெட்டு ஓய்ந்திருந்தன, முன்கைத் தசைகள் நல்லபடியே இருந்தன. அப்படியானால் நல்ல தசைநாண் ஒன்றை எடுத்து விரலுக்கு மாற்றித் தைக்கலாம். வேலூர் திரும்பியவர் அதைச் செய்தும் காட்டினார். விரல்கள் நிமிர்ந்தன.

ஊழியக் கூட்டங்களில் சொல்லப்படும் சாட்சி வழக்கமாக இந்த இடத்தில் முடிந்துவிடும். உண்மையில் சிக்கல் இங்கேதான் ஆரம்பம். அறுவை முடித்து அனுப்பப்பட்டவர்களில் சிலர் குறையோடு திரும்பி வந்தார்கள். இந்தக் கை பிச்சைக்கு உதவவில்லை என்றார்கள். வளைந்த விரலைப் பார்த்தால் ஊர் காசு போடும். நிமிர்ந்த விரலுக்குப் போடாது, வேலையும் தராது. பிராண்ட் அதைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. சி.எம்.சி.யில் நவஜீவ நிலையம் என்று குடிசைகள் போட்டுத் தச்சுவேலை கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். மரப் பொம்மைகள் அங்கே உருவாயின.

பட்டறை இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. விரல்களை இழப்பது நேரடியாக நோயால் அல்ல, உணர்ச்சி இல்லாததால். சுத்தியல் பிடி உரசினால் தெரியாது, சூடு பட்டால் தெரியாது. தூங்கும்போது எலி கடித்தாலும் தெரியாது; அதற்காகவே நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். ஊழியப் பட்டியலில் பூனை இடம்பெற்றது அநேகமாக இங்கு மட்டும்தான்.

பிராண்டோடு பணிசெய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதன்பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். தைரியமாய் இரு என்று அவர் வாயால் சொல்லவேண்டிய அவசியம் இருந்திருக்காது. ஆறுதல் வார்த்தை எளிது. மேடையும் மைக்கும் இருந்தால் யாரும் சொல்லலாம். அழைப்பு பெற்றதாகச் சொல்லும் எத்தனை பேர், குணமானவர் மறுநாள் எங்கே வேலைக்குப் போவார் என்று விசாரிக்கிறார்கள்?

அந்தக் கேள்விக்குச் சட்டமும் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் நீக்கப்பட்டது 2016இல். தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்க இடமளித்த பிரிவுகள் போனது 2019இல். கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1980களின் தொடக்கத்திலிருந்தே பரிந்துரைத்து வருகிறது. மாதக் கணக்கில் மாத்திரை சாப்பிட்டால் நோய் தீர்ந்துவிடும், அதுவும் இலவசமாக.

தீராதது பாதத்தின் மரப்பு. அதற்கு எம்.சி.ஆர். செருப்பு தருகிறார்கள்; மெத்தென்ற ரப்பர், புண் வராமல் காக்கும். ஆனால் அந்தச் செருப்பையே அடையாளமாக வைத்து ஊர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவதால், போடமாட்டேன் என்று ஒதுக்கி வைப்பவர்கள் உண்டு. கடையில் விற்கும் செருப்பு மாதிரியே வாரும் நிறமும் மாற்றித் தைப்பது இப்போது செருப்புத் தைப்பவர்களின் வேலையில் ஒரு பகுதி.