புன்னையும் புதுநகரும்

சென்னையின் எல்லை விரிந்துகொண்டே செல்கின்றது. நேற்று வயலாகக் கிடந்த நிலத்தில் இன்று வீதிகள் அமைகின்றன. அவற்றின் ஓரங்களில் மரக்கன்றுகள் நடப்பெறுகின்றன. எம்மரத்தை நடுவது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. விரைந்து வளர்ந்து பூத்துக் குலுங்கினால் போதும் என்பது பலர் விருப்பம். அவ்விருப்பத்தால், மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட குல்மொஹர் என்னும் செம்மயிற்கொன்றை வீதிதோறும் இடம்பெற்றது. கோடையில் அது செந்தழல்போல் பூத்து நிற்கும் அழகை மறுப்பார் யார்? ஆயினும், அதன் வேர் ஆழச் செல்வதில்லை. கிளையோ எளிதில் முறியும் இயல்பினது.

2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. அவற்றுள் செம்மயிற்கொன்றையும் பெருங்கொன்றையும் மிகுதி. நம் நாட்டு மரங்களும் சில சாய்ந்தன என்பது உண்மையே. அடிமரம்வரை சிமெண்டு பூசிய இடத்தில் எந்த வேர்தான் ஊன்றி நிற்கும்?

இக்கடற்கரைக்கே உரிய மரம் புன்னை. மணல்நிலமும் உப்புக்காற்றும் அதற்குப் புதியன அல்ல. அதன் தடித்த இலைகள் ஆண்டு முழுதும் நிழல் தரும். மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் தலமரமும் அதுவே. மெல்ல வளரும் என்பதே மக்கள் அதன்மேல் கூறும் குறை. அது கேட்பதோ, சிமெண்டு மூடாத சிறிது மண்ணும், முதலிரு கோடைகளுக்குத் தண்ணீருமே.