கருகல் வாடை எங்கிருந்து வருகிறது?

வயர் கருகும் வாடை ஒன்றல்ல, பல. பி.வி.சி. உறை கருகினால் மூக்குக்குள் காரமாகக் குத்தும், கண் எரியும். செல்ஃப் மோட்டாரின் சுருளில் பூசிய வார்னிஷ் கருகினால் திகட்டலான ஒரு நெடி, மறுநாளும் சட்டையை விட்டுப் போகாது. பேட்டரி அளவுக்கு மேல் சார்ஜ் ஆனால் அழுகிய முட்டை நாற்றம். பழைய ஸ்விட்சுகளில் இருக்கும் பேக்கலைட் சூடானால் கருவாட்டு வாடை. கடற்கரைப் பக்கத்து ஆட்கள் அதை நிஜமாகவே கருவாடு என்று நினைத்து நாள்கணக்கில் ஓட்டிவிடுவார்கள் என்றார் மேஸ்திரி.

கருங்குழியில் ஜி.எஸ்.டி. சாலையோரம் தகரக் கூரை போட்ட ஆட்டோ எலக்ட்ரிக் கடை அவருடையது. சென்னைப் புதுப்பேட்டையில் தொழில் கற்றவர். திருச்சிப் பக்கம் போகும் லாரிகளும் வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்க வரும் வேன்களும்தான் பெரும்பாலும் அவரிடம் நிற்கும். நான் போயிருந்த அன்று மாமல்லபுரத்திலிருந்து ஒரு பழைய அம்பாசடர் வந்திருந்தது. சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போகிற வண்டி. ஏற்கெனவே இரண்டு கடைகள் பார்த்தாயிற்றாம். ஒருவர் ஆல்டர்னேட்டரை மாற்றியிருக்கிறார், இன்னொருவர் கண்ட இடத்திலெல்லாம் டேப் சுற்றியிருக்கிறார். வாடை நிற்கவில்லை.

மேஸ்திரி பானெட்டைத் திறந்ததும் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றினார். பிளஸ்ஸை முதலில் கழற்றினால், ஸ்பானர் கை தவறி பாடியில் பட்ட மாத்திரத்தில் ஷார்ட். மைனஸ் கழன்றுவிட்டால் அந்தப் பயம் இல்லை. அப்புறம் வண்டியைத் தொடவே இல்லை, கேட்க ஆரம்பித்தார்.

“எப்ப வருதுப்பா? ஸ்டார்ட் பண்ண உடனேவா? லைட் போட்டாவா? வைப்பர் போட்டாவா?”

“நைட்ல லைட் போட்டு அரை மணி ஓட்டுனா வருதுண்ணா. பகல்ல வரவே மாட்டேங்குது.”

“எந்த பல்பு போட்டிருக்க?”

“நூறு-தொண்ணூறு வாட்.”

“ஹைபீம்லயே ஓட்டுவியா?”

“ஈ.சி.ஆர். இருட்டுண்ணா. வேற என்ன பண்றது?”

பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. 55 வாட் பல்பு இரண்டு எரிந்தால் 12 வோல்ட்டில் 9 ஆம்பியர் போகும். 100 வாட் பல்பு இரண்டு என்றால் 16 ஆம்பியருக்கு மேல். வயரும் ஸ்விட்சும் பழைய அளவிலேயே இருக்க, மின்னோட்டம் மட்டும் இரண்டு மடங்கை நெருங்குகிறது. இணைப்பில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது மூன்று மடங்கைத் தாண்டிவிடும்.

“ஃபியூஸ் நல்லாத்தாண்ணா இருக்கு” என்றார் ஓட்டுநர், ஆறுதல் தேடும் குரலில். அந்த ஆறுதலுக்கு இடமில்லை. பழைய அம்பாசடரில் இருப்பதே இரண்டு கண்ணாடி ஃபியூஸ்; ஹெட்லைட்டுக்குப் போகும் மின்சாரம் அவற்றின் வழியே போவதில்லை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசு இந்த வண்டி. வயரிங்கும் லூகாஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் முறைப்படிதான். இதே சாலையில் வண்டலூரில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டிலும் அதே நிறக் கணக்கு. பழுப்பு வயர் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் வருவது, வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை சாவியும் ஃபியூஸும் தாண்டி வருவது, கறுப்பு எர்த். ஆனால் பல கைகள் பட்ட வண்டியில் இந்த நிறங்களை நம்ப முடியாது. டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினார்: பழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வீட்டு வயரிங்கில் போடும் சிவப்பு வயர், முறுக்கி டேப் சுற்றியபடி.

ஃபியூஸ் இருந்திருந்தாலும் பலன் இல்லை. அது அளவுக்கு மேல் மின்சாரம் போனால் அறுந்துகொள்ளும், அவ்வளவுதான். லூஸ் காண்டாக்டில் மின்சாரம் கூடுவதில்லை, சற்றுக் குறையவே செய்யும். அந்த ஒரு புள்ளி மட்டும் பழுக்கும். கருகல் வாடை என்றாலே ‘எங்கேயோ ஷார்ட்’ என்று நாம் சொல்லிவிடுகிறோம். உண்மையான ஷார்ட் அரை மணி நேரம் காத்திருக்காது.

மைனஸை மாட்டி, லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் லைட் ஸ்விட்சின் இரு பக்கமும் வைத்தார். நல்ல ஸ்விட்சில் அங்கே கிட்டத்தட்ட ஒன்றும் காட்டக் கூடாது. 1.6 வோல்ட் காட்டியது. 16 ஆம்பியரோடு பெருக்கினால் ஏறத்தாழ 25 வாட். அவர் மேசை மேல் கிடந்த சின்ன சால்டரிங் அயர்னும் 25 வாட்தான். அப்படி ஒன்றை டேஷ்போர்டுக்குள் செருகிவைத்து இரவெல்லாம் ஓட்டியிருக்கிறார்கள்.

ஸ்விட்சைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஒரு ஸ்க்ரூவைச் சுற்றி மட்டும் பேக்கலைட் கொப்புளித்திருந்தது. மோந்து பார்த்தேன், கருவாடேதான். அதில் மாட்டியிருந்த வயரின் முனை லக்கை வெட்டி உறையைச் சீவினார். உள்ளே செம்பு கறுத்து, இழைகளுக்கு நடுவே பச்சைக் களிம்பு. இன்னும் கொஞ்சம் வெட்டினார், அங்கேயும் கறுப்பு. ஒரு சாண் போன பிறகுதான் பளபளப்பான செம்பு தெரிந்தது. “உப்புக் காத்து சார். கோவளம், கல்பாக்கம், மாபலிபுரம் வண்டின்னா மேலால பார்த்து ஒண்ணும் சொல்ல முடியாது.”

வெறும் ஸ்விட்சை மாற்றி அனுப்பியிருந்தால் கொஞ்ச நாளில் வாடை திரும்பியிருக்கும். கெட்ட வயரை வெட்டிப் புது வயர் சேர்த்து, லக்கை அழுத்தி சால்டர் வைத்தார். பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸோடு தடித்த வயர் இழுத்து, இரண்டு ரிலே பொருத்தினார். இனி பல்புக்கான மின்சாரம் ரிலே வழியே போகும்; ஸ்விட்ச் ரிலேயை மட்டும் இயக்கும், அதற்கு ஒரு ஆம்பியர்கூட வேண்டாம். பல்பு 60/55தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நூறு வாட் பல்பில் தெரிந்த வெளிச்சம் இதிலும் பெருமளவு வரும் என்பது அவர் வாதம். வழியில் தொலைத்துக்கொண்டிருந்த 1.6 வோல்ட் இப்போது பல்புக்கே போய்ச் சேர்கிறதே!

கூலி பேசும்போதுதான் எனக்கு மனசு கசந்தது. ரிலேவுக்கும் வயருக்கும் பணம் கொடுக்க ஓட்டுநர் தயங்கவில்லை. “ஒரு ஸ்க்ரூல இருந்த கோளாறுக்கு இவ்ளோவா?” என்று கூலியில்தான் கையை வைத்தார். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. முந்தைய கடைகளில் ஏற்கெனவே பணத்தை விட்டவர். ஆனாலும், வேண்டாத ஆல்டர்னேட்டருக்குப் பேசாமல் பணம் எடுத்துக் கொடுத்துவிட்டு, கோளாறு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தவரிடம் பேரம் பேசுவது அநியாயம். பொருளுக்குப் பில் உண்டு. கேள்வி கேட்டதற்கும் மோந்து பார்த்ததற்கும் மீட்டர் வைத்து ஒவ்வொரு இணைப்பாக அளந்ததற்கும் எந்தப் பில்லிலும் இடம் இல்லை. அதனால்தான் பல கடைகளில் தேடுவதை விட்டுவிட்டுப் பொருளை மாற்றுகிறார்கள்.

மேஸ்திரி நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார். கழற்றிய ஸ்விட்சை ஓட்டுநரிடமே கொடுத்தார். மைனஸ் டெர்மினலுக்குப் பொருந்தும் ஸ்பானர் ஒன்றை எப்போதும் கையெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார். “திரும்ப வாடை வந்தா ஓரங்கட்டி, லைட்டையும் இன்ஜினையும் ஆஃப் பண்ணி, முதல்ல மைனஸைக் கழட்டு. அப்புறம் எனக்கு போன் போடு.”